வேர்ட்பிரஸ் மேம்படுத்தலுக்குப் பின் உள்பக்க இணைப்புகள் முறிந்துவிட்டன. கைப்பேசியில் திறந்தால் சூதாட்டத் தளத்துக்குத் தாவுகிறது

இதழ்த்தொண்டர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஒரு சிறு கட்டுரை இதழின் இணையதளத்தை ஊதியமில்லாமல் பராமரித்து வருகிறேன். நிரலாளன் அல்லேன், கட்டுப்பாட்டுப் பலகத்தையும் கோப்புகளை ஏற்றி இறக்கும் எஃப்டிபியையும் ஓரளவு கையாளத் தெரியும். தளத்தில் ஏறத்தாழ 1,600 கட்டுரைகள் உள்ளன. பெரும்பாலான கட்டுரைகளின் முகவரியும் தமிழ்த் தலைப்பிலேயே அமைந்திருக்கிறது.

நெடுங்காலமாக, இணையதளங்களை நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸின் 4.9 பதிப்பிலேயே தளம் ஓடிக்கொண்டிருந்தது. ஏதாவது உடைந்துவிடும் என்ற அச்சத்தில் யாரும் அதைத் தொடவில்லை. வேர்ட்பிரஸை இயக்கும் நிரல்மொழியான பிஎச்பியின் பழைய பதிப்பை இனி தாங்க மாட்டோம் என்று வழங்கி நிறுவனத்திடமிருந்து அறிவிப்பு வந்தபின் வேறு வழியின்றி, பிஎச்பியை 7.2 இலிருந்து 8.1 க்கும் வேர்ட்பிரஸை 6 வரிசைக்கும் ஒரே நாளில் மாற்றினேன். மாற்றுவதற்கு முன் எல்லாக் கோப்புகளையும் என்னுடைய பழைய மேக் கணினியில் இறக்கிக்கொண்டேன். மேம்படுத்தல் பாதியில் நின்றுபோனதால் பதிவேற்றக் கோப்புறையை அந்த நகலிலிருந்தே மீண்டும் ஏற்ற வேண்டியதாயிற்று.

இப்போதைய நிலை இதுதான். முகப்புப் பக்கம் ஒழுங்காகத் திறக்கிறது. எந்தக் கட்டுரையைச் சொடுக்கினாலும் வெள்ளைப் பின்னணியில், எங்கள் தளத்தின் தலைப்போ பட்டியலோ எதுவும் இல்லாத ஒரு 404 ('பக்கம் இல்லை') பக்கம் வருகிறது. இணையத்தில் படித்தபடி நிரந்தர இணைப்பு அமைப்புகளுக்குச் சென்று சேமிப்பு பொத்தானை அழுத்தினேன். எச்டிஅக்சஸ் கோப்பில் (வரும் கோரிக்கைகளை எப்படிக் கையாள்வது என்று வழங்கிக்குச் சொல்லும் கோப்பு) எழுத முடியவில்லை என்று சொல்லி, நானே ஒட்டிக்கொள்ளும்படி சில வரிகளைக் காட்டியது. அவற்றை ஒட்டியதும் எல்லாம் சரியானது. ஆனால் பத்து நிமிடத்தில் கோப்பு பழையபடி மாறிவிட்டது. மூன்று முறை செய்து பார்த்தேன், மூன்று முறையும் அப்படியே நடந்தது.

இதற்கிடையே, தேடுபொறி வழியாகக் கைப்பேசியில் தளத்தைத் திறந்தால் ஏதோ சூதாட்டப் பக்கத்துக்குப் போகிறது என்று இரண்டு வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். என் கணினியில் அப்படி ஒருமுறைகூட நடக்கவில்லை. பிழைப் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். 'கிரியேட் ஃபங்ஷன்' என்னும் செயற்கூறு வரையறுக்கப்படவில்லை என்ற ஒரே செய்தி நூற்றுக்கணக்கான முறை பதிவாகியிருக்கிறது. அது சுட்டும் கோப்பு, 2019 ஆம் ஆண்டுப் படங்கள் இருக்கும் கோப்புறைக்குள் இருக்கிறது.

இந்த மேம்படுத்தலே தளத்தைக் கெடுத்துவிட்டதா? பழைய காப்புநகலை மீட்டு 4.9 க்கே திரும்பிவிடலாமா? முதலில் எதைச் செய்ய வேண்டும் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

பதிவேடுபார்ப்பவர் எழுதியது:

நண்பரே, மேம்படுத்தல் உங்கள் தளத்தைக் கெடுக்கவில்லை. ஏற்கெனவே கெட்டிருந்ததைக் காட்டிக்கொடுத்திருக்கிறது. அதற்கான சான்று நீங்கள் எழுதிய கடைசிச் செய்தியிலேயே இருக்கிறது. படங்கள் மட்டும் இருக்க வேண்டிய கோப்புறைக்குள் இயங்கக்கூடிய பிஎச்பி கோப்பு ஒன்று இருப்பதற்கு நியாயமான காரணம் அநேகமாகக் கிடையாது. 'கிரியேட் ஃபங்ஷன்' பிஎச்பி 7.2 இல் கைவிடத்தக்கது என்று அறிவிக்கப்பட்டு 8.0 இல் முற்றிலும் நீக்கப்பட்டது. பழைய தீநிரல்கள் தம் உண்மையான வேலையை மறைத்துக்கொள்ள இதை மிகுதியாகப் பயன்படுத்தின. நீங்கள் பிஎச்பியை மாற்றியதும் அந்தப் பின்கதவு செயலிழந்துவிட்டது. வெளியிலிருந்து யாரோ இன்னும் அதைத் தட்டிக்கொண்டிருப்பதால்தான் ஒரே பிழை நூற்றுக்கணக்கான முறை பதிவாகிறது. அதே நேரங்களில் அணுகல் பதிவேட்டில் எந்த ஐபி முகவரியிலிருந்து (இணையத்தில் ஒரு கணினியை அடையாளம் காட்டும் எண்) கோரிக்கை வந்திருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அவை 'போஸ்ட்' வகைக் கோரிக்கைகளாக இருக்கும்.

ஒரு கதவு செயலிழந்தது என்பதற்காக மற்றவையும் செயலிழந்துவிட்டன என்று எண்ண வேண்டாம். உங்கள் எச்டிஅக்சஸ் கோப்பு பத்து நிமிடத்தில் பழையபடி மாறுகிறது என்றால், அதை மாற்றி எழுதும் ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்தக் கோப்பின் அனுமதி எண்ணைப் பாருங்கள். வழக்கமாக 644 இருக்கும் இடத்தில் 444 என்று, அதாவது படிக்க மட்டுமே முடியும் என்று, இருக்கக்கூடும். வேர்ட்பிரஸ் அதில் எழுத முடியாமல் போனதற்கும் உங்கள் உள்பக்கங்கள் திறக்காமல் போனதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். தலைப்பே முகவரியாக அமையும் அழகிய முகவரிகள் வேலை செய்ய வேண்டுமானால், வேர்ட்பிரஸ் தன் பெயரிட்ட தொடக்கக் குறிப்புக்கும் முடிவுக் குறிப்புக்கும் நடுவே எழுதும் சில வரிகள் அந்தக் கோப்பில் இருந்தாக வேண்டும். தீநிரல் அந்த வரிகளை நீக்கிவிட்டுத் தன்னுடைய வரிகளைப் பூட்டி வைத்தால், முகப்பு மட்டும் திறக்கும், மற்ற எதுவும் திறக்காது. ஆக உங்களுக்கு இருப்பது இணைப்பு முறிவு ஒன்று, தீநிரல் ஒன்று என்று இரண்டு நோய்கள் அல்ல. முறிவின் பெரும்பகுதி தீநிரலின் விளைவு. அதனால்தான் இணைப்புகளை முதலில் சரிசெய்ய முயன்ற உங்கள் உழைப்பு மூன்று முறையும் வீணாயிற்று.

நீங்கள் கவனித்து எழுதிய இன்னொரு செய்தியும் பயன் தருவது. தளத்தின் தலைப்பும் பட்டியலும் இல்லாத வெற்று 404 பக்கம் வந்தால், கோரிக்கை வேர்ட்பிரஸை எட்டவே இல்லை, வழங்கியே திருப்பி அனுப்பிவிட்டது என்று பொருள். உங்கள் தளத்தின் தோற்றத்தோடு 404 வந்தால், வேர்ட்பிரஸுக்குக் கோரிக்கை போய்ச் சேர்ந்தது, ஆனால் அந்த முகவரியில் கட்டுரை எதுவும் அதற்குக் கிடைக்கவில்லை என்று பொருள். இவ்விரண்டுக்கும் மருந்து வேறு. துப்புரவு முடிந்தபின் இரண்டாம் வகை எத்தனை மிஞ்சுகிறது என்று பாருங்கள்.

இனிச் செய்ய வேண்டியவற்றுக்கு வருகிறேன். தளத்தை முதலில் பராமரிப்பு நிலைக்குக் கொண்டுபோவதைவிட, வழங்கியின் கட்டுப்பாட்டுப் பலகத்திலேயே உங்கள் ஐபி முகவரி ஒன்றைத் தவிர மற்றவற்றைத் தடுத்துவிடுவது நல்லது. பராமரிப்பு அறிவிப்பு வாசகர்களைத்தான் நிறுத்தும், நேரடியாகக் கோப்பை அழைப்பவரை நிறுத்தாது. பிறகு வழங்கி நிறுவனத்திடம் சொல்லி உங்கள் கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும் பிஎச்பி செயல்கள் அனைத்தையும் நிறுத்தச் சொல்லுங்கள். சில தீநிரல்கள் வட்டிலிருந்து கோப்பை அழித்தபின்னும் நினைவகத்தில் ஓடிக்கொண்டே இருந்து, அழித்த கோப்பைத் திரும்ப எழுதும்.

அடுத்து வேர்ட்பிரஸின் மூலக் கோப்புகள். மேம்படுத்தல் தனக்குத் தெரிந்த கோப்புகளை மாற்றி எழுதும். பழைய பதிப்புகளில் தானே வைத்திருந்து இப்போது வேண்டாததாகிவிட்ட கோப்புகளை நீக்கும். வேறு எவரோ கொண்டுவந்து வைத்த கோப்பை அது தொடாது. ஆகவே 'மேம்படுத்திவிட்டேனே, இன்னும் எப்படி இருக்கிறது' என்ற கேள்விக்கே இடமில்லை. நிர்வாகக் கோப்புறையையும் உட்சேர்ப்புக் கோப்புறையையும் முழுவதுமாக நீக்கிவிட்டு, அதே பதிப்பின் புதிய நகலிலிருந்து ஏற்றுங்கள். கட்டளை வரி உங்களுக்குக் கிடைக்குமானால், வேர்ட்பிரஸைக் கட்டளைகளால் இயக்கும் டபிள்யூபி-சிஎல்ஐ கருவியின் சரிபார்ப்புக் கட்டளை ஒவ்வொரு மூலக் கோப்பையும் அதிகாரப்பூர்வ நகலோடு ஒப்பிட்டு, மாறியிருப்பதையும் கூடுதலாக இருப்பதையும் சொல்லிவிடும். ஆனால் தீம்களும் செருகுநிரல்களும் பதிவேற்றங்களும் உள்ள உள்ளடக்கக் கோப்புறையை அது பார்க்காது. உண்மையான தலைவலி எப்போதும் அங்கேதான்.

அந்த உள்ளடக்கக் கோப்புறைக்குள் நான்கு இடங்களைப் பாருங்கள். பதிவேற்றக் கோப்புறையில் பிஎச்பி என்று முடியும் எதுவும் சந்தேகத்துக்குரியதே. ஒரே ஒரு கருத்துரை வரி மட்டும் உள்ள வெற்று இன்டெக்ஸ் கோப்புகளைக் கண்டு அஞ்ச வேண்டாம், பல செருகுநிரல்கள் கோப்புறைப் பட்டியல் வெளியே தெரியாமல் இருக்க அப்படி வைப்பதுண்டு. 'எம்யூ-பிளகின்ஸ்' என்னும் கோப்புறையைத் தவறாமல் திறந்து பாருங்கள். அதில் போட்ட எதுவும் இயக்கும்படி யாரும் கேட்காமலே ஒவ்வொரு பக்கத்திலும் இயங்கும். வழக்கமான செருகுநிரல் பட்டியலில் தென்படாது. உங்கள் எச்டிஅக்சஸை மாற்றி எழுதுபவர் அங்கே குடியிருந்தால் எனக்கு வியப்பில்லை. மூன்றாவது, நீங்கள் பயன்படுத்தும் தீமின் செயற்கூறுக் கோப்பு. நான்காவது, நீங்கள் நிறுவியதாக நினைவில்லாத செருகுநிரல்கள், குறிப்பாக யாரோ இலவசமாகக் கொடுத்த கட்டணச் செருகுநிரல்கள். தீம்களையும் செருகுநிரல்களையும் ஒவ்வொரு வரியாகச் சுத்தம் செய்ய முயல வேண்டாம். பெயரைக் குறித்துக்கொண்டு அடியோடு நீக்கி, உரிய இடத்திலிருந்து புதிதாக இறக்குங்கள்.

வேரடிக் கோப்புறையில் 'யூசர் ஐஎன்ஐ' என்னும் மறைகோப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒவ்வொரு பிஎச்பி கோப்புக்கும் முன்னால் வேறொரு கோப்பை இயக்கச் சொல்லும் ஒரு வரி அதில் இருந்தால், நீங்கள் வேர்ட்பிரஸ் முழுவதையும் மாற்றினாலும் பயனில்லை. அதை நீக்கியபின் உடனே மாற்றம் தெரியாவிட்டால் கலங்க வேண்டாம். பிஎச்பி அந்தக் கோப்பை இயல்பாக 300 நொடிகள் வரை நினைவில் வைத்திருக்கும்.

பழஞ்சேமிப்பு எழுதியது:

மேலே நண்பர் சொன்னதெல்லாம் சரிதான். ஆனால் நிரலாளர் அல்லாத ஒருவர் இத்தனையையும் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் இரண்டு வாரம் போய்விடும். மேம்படுத்துவதற்கு முந்தைய காப்புநகலை மீட்டுக் கடவுச்சொற்களை மாற்றிவிட்டு, அமைதியாக மறுபடி மேம்படுத்துவதே எளிய வழி என்பது என் கருத்து. என் அனுபவத்தில் கையால் சுத்தம் செய்த தளங்களில் ஏதாவது ஒரு கோப்பு எப்போதும் தப்பிவிடுகிறது.

பதிவேடுபார்ப்பவர் எழுதியது:

கையால் சுத்தம் செய்தால் ஏதாவது தப்பிவிடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்; அதனால்தான் நீக்கிவிட்டுப் புதிதாக ஏற்றச் சொன்னேன். ஆனால் காப்புநகலை மீட்பதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: அந்த நகல் எடுக்கப்பட்ட நாளில் தளம் தூய்மையாக இருந்ததா? பிழைப் பதிவேட்டில் வரும் கோப்பு அந்த நகலுக்குள் இருக்கிறதா என்று பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். கோப்பின் தேதியை மட்டும் நம்ப வேண்டாம். திருத்திய தேதியைப் பொய்யாகப் பின்னோக்கி வைப்பது மிக எளிது; தீநிரல்கள் பக்கத்தில் உள்ள படங்களின் தேதியையே எடுத்துத் தமக்குச் சூட்டிக்கொள்வதும் உண்டு. காப்புநகலில் கோப்பு இருப்பதோ இல்லாததோதான் பொய் சொல்லாது.

பழைய பதிப்புக்கே திரும்பி அங்கேயே இருந்துவிடுவதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். 2014 அக்டோபரில், வேர்ட்பிரஸைப் போன்ற இன்னொரு மென்பொருளான துருபல் 7 இல் ஒரு பெரும் ஓட்டை அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு வந்த ஏழு மணி நேரத்துக்குள் அந்த ஓட்டையை ஒட்டுப்போட்டு அடைக்காத தளங்கள் எல்லாமே ஊடுருவப்பட்டவை என்றே கருதிக்கொள்ளுங்கள் என்று அதன் பாதுகாப்புக் குழுவே பின்னர் எழுதியது. பிறகு ஒட்டுப்போட்டது உள்ளே வந்தவரை வெளியேற்றாது என்பதையும் அதே அறிவிப்பில் சொன்னார்கள். உங்களுடையது அதைவிட நீண்ட காலம் திறந்து கிடந்த வீடு.

எழுத்துப்பிரிப்பான் எழுதியது:

தீநிரல் பற்றி மேலே நன்றாகச் சொல்லிவிட்டார்கள். நான் இதழ்த்தொண்டர் போகிறபோக்கில் சொன்ன இரண்டு செய்திகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் துப்புரவு முடிந்தபின் உங்களை வருத்தப்போவது அவைதான்: முகவரிகள் தமிழில் இருப்பது, கோப்புகள் பழைய மேக் கணினி வழியே போய்வந்தது.

முதலில் முகவரி. வேர்ட்பிரஸ் கட்டுரையின் முகவரிப் பகுதியைத் தரவுத்தளத்தில் தமிழ் எழுத்தாக வைப்பதில்லை. சதவீதக் குறியிட்ட வடிவத்தில் வைக்கிறது. ஒரு தமிழ்க் குறியீடு (கணினி தனியாக எண்ணும் எழுத்தோ குறியோ) யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டு. ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்தாகிறது. ஆக ஒரு குறியீட்டுக்கு ஒன்பது இடம். தரவுத்தள அட்டவணையில் முகவரிக்கென்று உள்ள பத்தியின் (நெடுவரிசையின்) நீளம் 200. எனவே கூடிப்போனால் 22 குறியீடுகள்தான் கொள்ளும். 'கட்டுரை' என்னும் சொல் கண்ணுக்கு நான்கு எழுத்துதான். ஆனால் கணினிக்கு ககரம், டகரம், புள்ளி, டகரம், உகரக் குறி, ரகரம், ஐகாரக் குறி என ஏழு குறியீடுகள். அந்த ஒரு சொல்லே 63 இடத்தை விழுங்கிவிடும். அப்படி மூன்று சொற்கள் சேர்ந்தால் பத்தி நிறைந்துவிட்டது.

இந்த எல்லை நம் தலைப்புகளை வெட்டுகிறது என்பதால் பழைய தமிழ்த் தளங்கள் பலவற்றில் யாராவது ஒருவர் அந்தப் பத்தியின் நீளத்தை 400 என்றோ 1,000 என்றோ கூட்டி, அதற்கேற்ற சிறு செருகுநிரலையும் போட்டு வைத்திருப்பார். வேர்ட்பிரஸ் தன் தரவுத்தளத்தை மேம்படுத்தும்போது ஒவ்வொரு பத்தியையும் தன் வரைவோடு ஒப்பிட்டு, வேறுபட்டால் பழையபடி 200 க்கே குறைத்துவிடும். அப்போது நீண்ட முகவரிகள் நடுவிலேயே, சில சமயம் ஒரு குறியீட்டின் பாதியிலேயே, வெட்டுப்பட்டுப்போகும். வாசகர் முழு முகவரியோடு வருகிறார், தரவுத்தளத்தில் இருப்பது குறைப்பிரசவம், இரண்டும் பொருந்தாது. உங்கள் தளத்தில் இது நடந்திருந்தால், உங்கள் தோற்றத்தோடு வரும் அந்த இரண்டாம் வகை 404 நீண்ட தலைப்புள்ள கட்டுரைகளில் மட்டும் வரும்.

இதற்கு மருந்து பழைய காப்புநகலில் இருக்கிறது, மீட்பதற்காக அல்ல, பார்த்து எழுதுவதற்காக. பழைய தரவுத்தள நகலை உங்கள் கணினியிலேயே தனியாகத் திறந்து, கட்டுரை எண்ணையும் அதன் முழு முகவரியையும் ஒரு அட்டவணையாக எடுங்கள். இப்போதைய தளத்தில் அதே எண்ணுள்ள கட்டுரைக்குச் சுருக்கமான புதிய முகவரி கொடுங்கள். பழைய முழு முகவரியிலிருந்து புதியதற்கு 301 நிரந்தர வழிமாற்று எழுதுங்கள். பத்தியை மறுபடி 1,000 ஆக்கிவிடலாமே என்று தோன்றும். செய்யலாம், அடுத்த பெரிய மேம்படுத்தலில் இதே கதை மறுபடி நடக்கும். அட்டவணையை ஒப்பிடும்போது சதவீதக் குறிக்குப் பின் வரும் எழுத்துகள் சிறியனவா பெரியனவா என்று பாருங்கள். வேர்ட்பிரஸ் சிறிய எழுத்தில் வைக்கும், வேறு கருவிகள் பெரிய எழுத்தில் கொடுக்கும். அட்டவணை மென்பொருள் இரண்டையும் வெவ்வேறு என்று சொல்லிவிடக்கூடும்.

இனி மேக். 'கொ' என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்த்தும் எழுதலாம், எகரக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாக வைத்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, விதிப்படியும் இரண்டும் சமமே. ஆனால் லினக்ஸ் வழங்கி கோப்பின் பெயரைப் பைட்டு பைட்டாகத்தான் ஒப்பிடும். பழைய மேக் கணினிகளின் எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை, சேர்ந்த குறியீட்டைத் தானாகவே பிரித்து வைத்துக்கொள்ளும். அங்கிருந்து நீங்கள் மறுபடி ஏற்றிய படங்களில் பெயரில் ஒகரம், ஓகாரம், ஔகாரம் வரும் கோப்புகள் பிரிந்த பெயரோடு ஏறியிருக்கும். கட்டுரைக்குள் இருக்கும் இணைப்போ சேர்ந்த பெயரைத் தேடும். கோப்புறையில் படத்தைக் கண்ணால் பார்ப்பீர்கள், பெயரையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுவீர்கள், எல்லாம் சரியாக இருக்கும், படம் மட்டும் வராது. முதன்முதலில் இது எனக்கு நேர்ந்தபோது ஒரு நாள் முழுவதும் அனுமதி எண்களைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். 'கான்வ்எம்வி' என்னும் லினக்ஸ் கருவி பெயர்களைச் சேர்ந்த வடிவத்துக்கு ஒரே கட்டளையில் மாற்றித் தரும். முதலில் ஒத்திகையாகத்தான் ஓடும், உண்மையில் மாற்றத் தனியாகச் சொல்ல வேண்டும் என்பதும் அதில் ஒரு நல்ல குணம்.

இதழ்த்தொண்டர் எழுதியது:

மூன்று நாள் கழித்து வருகிறேன். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பிழைப் பதிவேட்டில் வந்த கோப்பு மேம்படுத்தலுக்கு முந்தைய காப்புநகலிலும் இருந்தது. பதினான்கு மாதங்களுக்கு முந்தைய நகல் ஒன்று ஒரு பழைய வட்டில் கிடைத்தது, அதிலும் இருந்தது. எனவே மீட்பு என்ற எண்ணத்தைக் கைவிட்டேன். எச்டிஅக்சஸின் அனுமதி எண் 444 தான். 'எம்யூ-பிளகின்ஸ்' கோப்புறையில், வேகத்தைக் கூட்டும் கருவி போன்ற பெயரோடு ஒரே ஒரு கோப்பு இருந்தது. அப்படி எதையும் நாங்கள் நிறுவியதில்லை. உள்ளே படிக்க முடியாத நீண்ட எழுத்துக் கோவை. வழங்கி நிறுவனத்தார் செயல்களை நிறுத்திய பிறகு அதை நீக்கினேன், நீங்கள் சொன்ன வரிசையில் மற்றவற்றையும் செய்தேன். எச்டிஅக்சஸ் அதன்பின் மாறவில்லை. பயனர் பட்டியலில் எனக்குத் தெரியாத நிர்வாகி ஒருவரும் இருந்தார், அவரையும் நீக்கிவிட்டேன்.

உள்பக்கங்கள் திறக்கின்றன. எல்லா முகவரிகளையும் ஓட்டிப் பார்த்ததில் 212 கட்டுரைகள் எங்கள் தோற்றத்தோடு 404 காட்டுகின்றன. எழுத்துப்பிரிப்பான் சொன்னபடியே எல்லாம் நீண்ட தலைப்புகள். முன்பு தளத்தைக் கவனித்தவர் பத்தியின் நீளத்தை 500 ஆக்கியிருந்தது பழைய நகலில் தெரிகிறது.

இப்போது புதிய கவலை. தேடுபொறியில் எங்கள் தளத்தின் பெயரைப் போட்டால் ஜப்பானிய மொழித் தலைப்புகளோடு ஆயிரக்கணக்கான பக்கங்கள் வருகின்றன. அந்தப் பக்கங்கள் தளத்தில் எங்குமே இல்லை. அவற்றையெல்லாம் முகப்புக்கு வழிமாற்றிவிடலாமா? தரவுத்தளத்தில் எச்டிடிபி என்று தொடங்கும் பழைய பாதுகாப்பற்ற முகவரியில் உள்ள பட இணைப்புகளையும் மொத்தமாக மாற்ற வேண்டியிருக்கிறது.

பதிவேடுபார்ப்பவர் எழுதியது:

முகப்புக்கு வழிமாற்ற வேண்டாம். இல்லாத பக்கம் எல்லாவற்றையும் முகப்புக்கு அனுப்பினால், தேடுபொறி அதைப் போலி 404 என்று கருதும்; பழைய குப்பை முகவரிகளும் நீண்ட நாள் உயிரோடு இருக்கும். அந்தப் பக்கங்கள் 404 அல்லது 410 (நீக்கப்பட்டது) என்றே விடை சொல்லட்டும். எதைப் பார்க்கக் கூடாது என்று தேடுபொறிகளுக்குச் சொல்லும் ரோபாட்ஸ் கோப்பில் அவற்றைத் தடுப்பதும் தவறு, ஏனெனில் தடுத்துவிட்டால் அவை இல்லாமல் போனதைத் தேடுபொறி வந்து பார்க்க முடியாது. தள உரிமையாளர்களுக்காகக் கூகுள் தரும் சர்ச் கன்சோலின் நீக்கல் கருவி அவசரத்துக்கு உதவும், ஆனால் அது ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு மறைத்து வைப்பது மட்டுமே.

சர்ச் கன்சோலுக்குள் போனதும் முதலில் உரிமையாளர் பட்டியலைப் பாருங்கள். இவ்வகைத் தாக்குதலில் தம்மையும் உரிமையாளராகச் சேர்த்துக்கொள்வது வழக்கம். அந்நியர் இருந்தால் நீக்குங்கள்; அவர் தம்மை உறுதிப்படுத்தப் பயன்படுத்திய கோப்பையும் வேரடிக் கோப்புறையிலிருந்து நீக்குங்கள், இல்லாவிட்டால் அவர் மறுபடி வந்துவிடுவார். பிறகு முகவரி ஆய்வுக் கருவியில் நேரடிச் சோதனை செய்து, கூகுளின் கண்ணுக்கு உங்கள் பக்கம் எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். தேடுபொறிக்கு ஒன்றும் மனிதருக்கு ஒன்றும், நிர்வாகியாக உள்நுழைந்தவருக்கு வேறொன்றும் காட்டுவது இந்தத் தீநிரல்களின் இயல்பு. கைப்பேசியில் சூதாட்டத் தளத்துக்குத் தாவியது உங்களுக்கு மட்டும் தெரியாமல் போனதும் அதனால்தான். உலாவியின் அடையாளத்தை மாற்றிச் சோதிப்பது ஓரளவுக்கே பயன்படும். சில நிரல்கள் வருபவரின் ஐபி முகவரியையே சரிபார்க்கும்.

பாதுகாப்புச் சிக்கல் பகுதியில் எச்சரிக்கை இருந்தால், எல்லாம் முடிந்தது என்று உறுதியான பிறகே மறுஆய்வு கேளுங்கள். சுத்தம் செய்ததாகச் சொல்லிவிட்டு மறுபடி மறுபடி கெடும் தளங்களுக்கு 30 நாள் மறுஆய்வு கோர முடியாதபடி செய்யும் விதியை 2016 நவம்பரில் கூகுள் கொண்டுவந்தது. அவசரம் அங்கே விலை கேட்கும்.

நிர்வாகியை நீக்கியது போதாது. வேர்ட்பிரஸின் கன்ஃபிக் (அமைப்பு) கோப்பில் உள்ள, உள்நுழைவுகளைக் காக்கும் எட்டு இரகசியச் சாவிகளையும் மாற்றுங்கள். அந்தக் கணமே எல்லோருடைய உள்நுழைவும் செல்லாததாகிவிடும், திருடிய குக்கீயை வைத்திருப்பவருடையதும்தான். 5.6 பதிப்பிலிருந்து வந்த செயலிக் கடவுச்சொற்கள் இந்தச் சாவி மாற்றத்தால் அழியா, அவற்றைப் பயனர் பக்கத்தில் தனியாக நீக்க வேண்டும். தரவுத்தளக் கடவுச்சொல், எஃப்டிபி, கட்டுப்பாட்டுப் பலகம், அவற்றோடு இணைந்த மின்னஞ்சல் ஆகியவற்றையும் மாற்றுங்கள். கட்டுப்பாட்டுப் பலகத்தில் நேரம் குறித்த பணிகளின் பட்டியலைத் திறந்து பார்க்காமல் படுக்கப்போக வேண்டாம்.

பட இணைப்புகளைப் பொறுத்தவரை, தரவுத்தளத்தில் நேரடியாகத் தேடி மாற்றாதீர்கள். வேர்ட்பிரஸ் பல அமைப்புகளைத் தொடர்கோவையாகச் சேமிக்கிறது. ஒவ்வொரு சரத்துக்கும் முன்னால் அதன் நீளம் பைட்டுக் கணக்கில் எழுதப்பட்டிருக்கும். எச்டிடிபிஎஸ் என்னும் பாதுகாப்பான முகவரிக்கு மாறும்போது ஒரு எழுத்து கூடுகிறது, நீளக் கணக்கு தவறுகிறது, அந்த அமைப்பு முழுவதும் படிக்க முடியாமல் போகிறது. டபிள்யூபி-சிஎல்ஐயின் தேடி-மாற்றும் கட்டளை அந்த நீளத்தையும் திருத்திக்கொள்ளும். முதலில் ஒத்திகை விருப்பத்தோடு ஓட்டி, எந்த அட்டவணையில் எத்தனை மாறும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பழஞ்சேமிப்பு எழுதியது:

காப்புநகலிலும் இருந்தது என்பதைப் படித்தேன். என் யோசனைப்படி செய்திருந்தால் ஊடுருவியவர்களைத் திரும்ப அழைத்து வந்திருப்பீர்கள். ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: பதிவேற்றக் கோப்புறைக்குள் பிஎச்பி இயங்காதபடி வழங்கி அமைப்பிலேயே தடை போடச் சொல்லுங்கள். அப்பாச்சியில் எச்டிஅக்சஸ் வழியாகவும் செய்யலாம், ஆனால் அந்தக் கோப்பை ஒருமுறை வேறொருவர் எழுதிவிட்டார் என்பது நினைவிருக்கட்டும். என்ஜின்எக்ஸ் வழங்கி அந்தக் கோப்பைப் படிப்பதே இல்லை.

இதழ்த்தொண்டர் எழுதியது:

சர்ச் கன்சோலில் நமக்குத் தெரியாத உரிமையாளர் இருவர் இருந்தனர். அவர்கள் பயன்படுத்திய உறுதிப்படுத்தும் கோப்புகளோடு நீக்கிவிட்டேன். நேரம் குறித்த பணிகளில் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளித்தளம் ஒன்றிலிருந்து எதையோ இறக்கும் வரி ஒன்று இருந்தது, அதுவும் போயிற்று. சாவிகளும் கடவுச்சொற்களும் மாறிவிட்டன.

212 கட்டுரைகளுக்கும் புதிய முகவரி கொடுத்து வழிமாற்று எழுதி முடித்தேன். அதற்கு இரண்டு இரவுகள் ஆயின. படங்களின் பெயரைச் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றியதும் காணாமல் போனவற்றில் ஒன்பதைத் தவிர எல்லாம் வந்துவிட்டன. அந்த ஒன்பதும் வேறு தளத்திலிருந்து நேரடியாக இணைத்திருந்தவை, அந்தத் தளமே இப்போது இல்லை. மறுஆய்வுக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை. இந்த வாரம் முழுவதும் எச்டிஅக்சஸும் பிழைப் பதிவேடும் மாறாமல் இருக்கின்றனவா என்று நாள்தோறும் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை விண்ணப்பிக்க இருக்கிறேன்.